பச்சை மெழுகு

"கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். பிள்ளைக்கு ஜன்னல்ல பனியைக் காட்டணும்" என்றாள் ஜெஸ்லின்.

போன் திரையில் தெரிந்த ரெக்சன் நகரவில்லை. இங்கனதான் வெளிச்சம் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, மேசைமேல் மல்லாத்திப் போட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டையின் அடிப்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

அவன் நிற்பது பின்லாந்தில். இவள் நிற்பது தூத்துக்குடி மில்லர்புரத்தில், உச்சியில் சுத்துகிற காத்தாடிக்குக் கீழே, வேர்வையோடு.

அவன் கையில் மெழுகு உருக்குகிற இஸ்திரிப் பெட்டி. இவள் கையில் அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்க்கிற இஸ்திரிப் பெட்டி. கல்யாணமாகி இத்தனை நாளில் புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து செய்த வேலை இது ஒன்றுதான். அதையும் போனில்தான் செய்ய வாய்த்திருக்கிறது.

கப்பலுக்குப் போகிற மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். போனவன் கரையிறங்கி, பனியில் ஓடுகிறவர்களுக்குக் கட்டையில் மெழுகு பூசுகிற வேலையில் ஒட்டிக்கொண்டான். தெருவில் யாராவது கேட்டால் இவளும் கப்பல் என்றே சொல்லிவிடுவாள். மெழுகு பூசப் பின்லாந்து போனான் என்றால் எவன் நம்புவான்?

நாளைக்குப் பந்தயம். ரெக்சன் யாருடைய கட்டைக்கு மெழுகு பூசுகிறானோ அந்தப் பெண் நாளைக்கு நன்றாக ஓடினால் அடுத்தடுத்த பந்தயங்களுக்குப் போவாள். இவனும் கூடவே போகணும், ஈஸ்டர் கழியும்வரைக்கும். அவள் தோற்றால் வேலை முடிந்தது. அடுத்த விமானத்தில் ஊருக்கு வந்துவிடலாம்.

தகப்பன் வராமல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று பிடிவாதமாக இருந்தது ஜெஸ்லின்தான். பங்குச் சாமியார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பிள்ளை தவழவே ஆரம்பித்துவிட்டாள். அப்பா என்றால் போனைத்தான் தொடுகிறாள்.

இன்று சாயங்காலம் பனிமய மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். பனியையே பார்க்காத ஊரில் பனிக்கென்று ஒரு மாதா! மெழுகுதிரியை ஏற்றி வைத்தாளே தவிர, என்ன கேட்பதென்று தெரியவில்லை. அந்தப் பெண் ஜெயிக்கணும் என்று கேட்க வாய் வரவில்லை. தோற்கணும் என்று கேட்க, ஐயோ, அதற்கு எப்படி மனசு வரும்? முந்தின மாதம்தான் அந்தப் பெண் தன் கையால் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்றைப் பிள்ளைக்கு அனுப்பியிருந்தாள். இந்தப் புழுக்கத்தில் அதை எங்கே போட? பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு கிடந்தாள்.

ஒன்றுமே கேட்காமல் எழுந்து வந்துவிட்டாள்.

ரெக்சன் துடைத்து முடித்து, மெழுகுக் கட்டிகள் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்தான். அந்தக் கட்டிகளை இவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். தினமும் பார்க்கிறவள்தானே. பனி இளகிக் கிடக்கிற நாளுக்குச் சிவப்பு. நடுத்தரக் குளிருக்கு நீலம். கடுங்குளிருக்குப் பச்சை, கல்லு மாதிரிக் கெட்டியாக இருக்கும். கடுங்குளிரில் சிவப்பைப் பூசினால் பனி பிடித்துக்கொள்ளும், காய்ந்த மணலில் வள்ளத்தை இழுக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அவன்தான் சொல்லியிருக்கிறான்.

போனை எடுத்ததுமே, இன்னைக்கு மைனஸ் இருபத்திரண்டு, நாளைக்கும் அதேதான் என்று புலம்பியிருந்தான்.

அவன் கை சிவப்பை எடுத்தது.

ஜெஸ்லினின் கை நின்றுவிட்டது.

ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை இந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலில் நிற்பான். நான் கேட்காமலே மாதா கொடுக்கிறாளோ? வரட்டுமே, வந்து சேரட்டுமே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அவன் கட்டியை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வைத்தான். சிவப்பாக ஒரு சொட்டு கட்டையில் விழுந்தது.

பிள்ளை தொப்பியைத் தூக்கிப் போனைப் பார்த்து ஆட்டினாள்.

ரெக்சன் பூசிய கட்டை பாதியில் பிடித்துக்கொண்டது என்று நாளைக்கு அத்தனை பேரும் சொல்வார்கள். அந்தப் பெண் பனியில் உட்கார்ந்து அழுவாள்.

"சிவப்பையா போடுதீங்க? பச்சைல்லா போடணும்!"

கத்தியே விட்டாள். கத்தின வேகத்தில் கண் நிறைந்துவிட்டது.

ரெக்சன் நிமிர்ந்து அவளையே பார்த்தான். பிறகு பிள்ளையைப் பார்த்தான். வெளிச்சம் சரியில்ல, மாத்தி எடுத்துட்டேன் என்றான். இங்கனதான் வெளிச்சம் நல்லா இருக்கு என்று சற்றுமுன் சொன்னவன் அவனேதான்.

தட்டில் பச்சை இல்லை போலிருக்கிறது. எடுத்து வர அலமாரிப் பக்கம் போனான்.

அவன் நின்ற இடம் காலியானது. ஜன்னல் தெரிந்தது. வெளியே பனி வெள்ளை வெளேர் என்று கிடந்தது. ஜன்னலுக்குக் கீழே அவனுடைய பெரிய பெட்டி. பூட்டி, நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே பெரிய எழுத்தில் தூத்துக்குடி என்று எழுதியிருந்தது. கயிற்றுக்குள் ஒரு பொம்மையைச் செருகி வைத்திருந்தான்.

பந்தயம் நாளைக்குத்தான்.

பாவி மனுசா என்று அவள் வாய் முணுமுணுத்தது. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கே ஓட?

கையில் பச்சைக் கட்டியோடு வந்தவன், பெட்டி மறைகிற மாதிரி அதே இடத்தில் வந்து நின்றான். விழுந்த சிவப்பைச் சுரண்டினான். தலையை நிமிர்த்தாமலே, ஜன்னல்ல பனி பாக்கணும்னியே, தள்ளிக்கவா என்று கேட்டான்.

ஜெஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையின் இன்னொரு கையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

"வேண்டாம், அங்கனயே நில்லுங்க" என்றாள். "பிள்ளை ஒங்களத்தான் பாக்குது."