டோக்கனைத் தின்றது யார்?

"இன்னிக்கும் டோக்கன் காலியா? இன்னும் மதியச் சாப்பாட்டுக்கே யாரும் எழுந்திருக்கலையேய்யா!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் அந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் ஆபீஸே நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுத ஏஐ வாங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு டோக்கன் என்று அளவு. அது தீர்ந்ததோ, அப்புறம் ஆளாளுக்குக் கையால்தான் அடித்து மாய வேண்டும்.

"அது என்னய்யா டோக்கன்? ஆஸ்பத்திரியில வரிசைக்குக் குடுப்பாங்களே, அதுவா?" என்று மேனேஜரே கேட்டார்.

கம்ப்யூட்டர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இல்லை சார். நாம எழுதுறதை ஏஐ துண்டு துண்டா நறுக்கித்தான் படிக்கும். ஒரு துண்டு, ஒரு டோக்கன். நாம அனுப்புறதும் கணக்கு, அது சொல்ற பதிலும் கணக்கு."

"அப்ப வளவளன்னு பேசினா?"

"மளமளன்னு தீரும்."

அவ்வளவுதான். மேனேஜரின் பார்வை நேரே வாயாடி மேல் போய் நின்றது. பதில் எழுதும் மேஜையில் இருப்பவள். அவளுடைய சொந்தப் பேர் ஆபீஸில் எல்லாருக்கும் மறந்தே போச்சு.

"இவதான்! ஏஐகிட்டப் போய் தினமும் 'சாப்டியா'ன்னு விசாரிக்கிறாய்யா! அதுக்கு வாயிருக்கா, வயிறிருக்கா?"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வாயாடி மட்டும் வாயே திறக்கவில்லை. அதுவே அதிசயம்.

"நாளையிலேர்ந்து நீ குடோனுக்குப் போம்மா. அங்கே ஸ்க்ரூவை எண்ணிக்கிட்டு இரு. பேசுறதுக்கு ஆளே கிடையாது."

அவள் கண் கலங்கிவிட்டது. பேச ஆளில்லாத இடம் அவளுக்கு ஜெயில்தானே?

"இருங்க சார்," என்றார் கம்ப்யூட்டர்காரர், திரையைப் பார்த்தபடியே. "இவங்க 'சாப்டியா' இம்மாத்தூண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னாடி வேற ஒரு பெரிய சமாச்சாரம் ஒட்டிக்கிட்டுப் போகுது. ஒவ்வொரு தடவையும் அதை முதல்லேர்ந்து படிச்சிட்டுத்தான் ஏஐ பதிலே சொல்லுது. முக்கால்வாசி டோக்கன் அதுக்கே போயிடுது."

"யாருய்யா அந்த ஊதாரி? படி!"

"'சுருக்கமாகப் பதில் சொல்வது எப்படி? என் நீண்ட கால அனுபவத்திலிருந்து சில அறிவுரைகள்...' எட்டுப் பக்கம் சார். கீழே உங்க பேரு."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! மேனேஜர் திருதிருவென்று முழித்தார்.

"ஏம்மா, உனக்கு இது தெரியுமா?"

"தெரியும் சார்."

"குடோனுக்கே போன்னு சொல்றேன், அப்பவும் ஏன் சொல்லலை?"

வாயாடி தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க அனுப்புற சர்க்குலரை ஆபீஸ்ல ஒருத்தரும் படிக்கிறதில்லைன்னு அன்னிக்கு எவ்வளவு வருத்தப்பட்டீங்க! ஏஐயாவது ஒரு வரி விடாம படிக்குதேன்னு... விட்டுட்டேன் சார்."

அப்புறம் சிரித்தார் பாருங்கள் மேனேஜர், தொந்தி குலுங்க, கண்ணில் தண்ணி வர!

அப்படியே குனிந்து எட்டுப் பக்கத்தையும் அழித்தார். 'சுருக்கமாகச் சொல்' என்று மட்டும் அடித்தார். வாயாடியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பக்கத்திலேயே இன்னொரு வார்த்தையும் சேர்த்தார்.

'சாப்டியா?'