கஞ்சியில் கலந்த பொடி

"எங்க அப்பா என்ன, உங்க லேபு எலியா மைனி?"

அடுக்களை வாசலில் நின்று கேட்டாள் அனுஜா. உள்ளே அவள் அண்ணன் மனைவி ஜெயஷீலா, பெயர் ஒட்டாத ஒரு பாட்டிலிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துக் கஞ்சியில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசு. மாமா சாப்பிட உக்காந்துட்டாங்க."

"ஏன் மெதுவாப் பேசணும்? உங்க பொடிய மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தாச்சா?"

"எங்க லேபு பொடி இன்னும் எலியத் தாண்டல."

"பெறவு?"

ஜெயஷீலா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். அனுஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவைப் பார்க்க சாகுபுரத்திலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

அப்பா ஜேசுபாதம் வாத்தியாருக்கு நுரையீரலில் பூஞ்சை. அதற்குக் கொடுத்த மாத்திரை தண்ணீரில் கரையாத பிடிவாதக்கார மாத்திரை. விழுங்கி விழுங்கியும் முதல் சோதனையில் ரத்தத்தில் மருந்தே இல்லை. இரண்டாவது சோதனையின் ரிசல்ட் நாளைக்கு. அதிலும் ஏறவில்லை என்றால் ஆபரேஷன்தான். இந்த வயதில் உடம்பு அதைத் தாங்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

ஜெயஷீலாவின் கல்லூரி ஆராய்ச்சியும் இதே விஷயம்தான். முருங்கைப் பிசினைத் தூசியைவிடப் பொடிதான நானோ துகளாக்கி, கரையாத மருந்தை அதில் ஏற்றி ரத்தத்தில் சேர்ப்பது.

வாத்தியாரோ நாசரேத்தில் பேர்போன விரதக்காரர். மற்ற நாளில் தேங்காய்ப்பால் சொதி என்றால் உயிரை விடுபவர், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் எண்ணெய், தேங்காய், மீன், கறி எதையும் தொட மாட்டார். உப்புக் கஞ்சி மட்டும்தான். சாப்பாட்டு விஷயத்தில் டாக்டர் சொன்னதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏளா அனுஜா, என்ன சத்தம்?" என்றார் கஞ்சியை உறிஞ்சியபடி. "கப்பல் சரக்கைத் தோணி கரை சேக்கும்லா? அதுமாதிரி உங்க மைனி பொடி மாத்திரைய ரத்தத்துல கொண்டு சேக்குமாம். ரெண்டு வாரமாக் குடிக்கேன். மருந்துதான. லெந்துக்குப் பங்கம் இல்ல."

"உங்க உசுரோட விளையாடுதாங்கப்பா."

"ஜெயா, இன்னொரு கரண்டி போடு தாயி."

அன்று அனுஜா சாப்பிடாமலே படுத்தாள். மாமனார் எக்கேடு கெட்டால் என்ன, ஆராய்ச்சி நடந்தால் போதும் என்று ஒரு மருமகளா? நாளைக்கு டாக்டரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தபிறகுதான் தூக்கம் வந்தது.

மறுநாள் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மருந்து நல்லா ஏறியிருக்கு சார். ஆபரேஷன் வேண்டாம். மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க."

அனுஜா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னய மன்னிச்சிருங்க மைனி. எலி அது இதுன்னு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். உங்க பொடி ஜெயிச்சிட்டு. எங்க மாமியாருக்கும் எந்த மாத்திரையும் கேக்கமாட்டேங்குது, ஒரு பாட்டில் தருவீங்களா?"

ஜெயஷீலா திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் தள்ளி நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பாதி மட்டும் காட்டினாள்.

பலசரக்குக் கடையில் விற்கும் தேங்காய்ப்பால் பவுடர்.

"லேபு பொடியில ஒரு சிட்டிகைகூட வெளிய எடுக்கமாட்டேன் அனுஜா. சோதிச்சு முடியாதத மாமாவுக்குக் குடுப்பேனா? இந்த மாத்திரை கொழுப்போட சாப்பிட்டாத்தான் ரத்தத்துல ஏறும்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. மாமா கேக்கணுமே. சாப்பாடுன்னா தொடமாட்டாங்க, மருந்துன்னா குடிப்பாங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் கலந்தேன்."

ஜெயஷீலா பாக்கெட்டை மறுபடி பைக்குள் தள்ளினாள்.

"மாமாகிட்ட மட்டும் சொல்லிராத. விரதம் வீணாப் போச்சுன்னு ஒடஞ்சு போவாங்க."

"செத்தாலும் சொல்லமாட்டேன் மைனி."

கார் புறப்பட்டது. கடற்காற்றை ஆசையாக நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டே முன் சீட்டிலிருந்து வாத்தியார் சொன்னார்:

"ஜெயா, அந்த மருந்துல ஈஸ்டருக்குக் கொஞ்சம் மிச்சம் வையி தாயி. சொதிக்கு ஆகும்."