மருந்து ஐயாவுக்குப் பொன்னாடை

தோசைக்கல்லில் சுட்டுக்கொண்ட ஒரு கையின் மேல், களிம்போடு வந்து இறங்கினார் வளர்ச்சி மருந்து. அவர் உள்ளே போய் ‘வளருங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் தோல் அணுக்கள் வேலையைத் தொடங்கும். ஐயாவுக்கோ, வாசலில் ஒரு மேளம்கூட இல்லையே என்று மனக்குறை.

புண்ணின் வாசலில் மருந்துகளைக் கடித்துத் தின்னும் நொதி ஒன்று உட்கார்ந்திருந்தது. “யாருய்யா நீ?” என்றது. ஐயா தன் பட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவது பட்டம் வருவதற்குள் அவர் தோளில் ஒரு கடி அளவு காணாமல் போயிருந்தது.

களிம்பில் கூடவே வந்த கொழுப்புக் குமிழி ஒன்று பதறியது. “ஐயா, என் வயித்துக்குள்ள ஏறிக்குங்க. என்னை அது தொடாது.”

“நானாவது, ஒளிஞ்சு போறதாவது! உள்ள எனக்காகக் கூட்டமே காத்துக்கிட்டிருக்கு!”

நொதி நாக்கைச் சப்புக்கொட்டியது. ஐயா ஒரே தாவலில் குமிழிக்குள் குதித்தார்.

குமிழி வழுக்கிக்கொண்டே உள்ளே போய் உடைந்தது. அணுக்கள் எழுந்து நின்றன. ஐயா தொண்டையைச் செருமினார்.

“பேரன்பு கொண்ட அணுக்களே! நான் பிறந்த ஆய்வுக்கூடத்திலே...”

“ஐயா, வளரணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க.”

“வளருங்க,” என்றார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அணுக்கள் வேலைக்கு ஓடின.

சில நாள்கள் கழித்து, மெல்லிய இளஞ்சிவப்புத் துணி போல எதையோ நெய்து தூக்கிக்கொண்டு வந்தன. ஐயா கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.

“எனக்கு எதுக்குங்க இதெல்லாம்...”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா,” என்றது ஓர் அணு. “இது கைக்கு.”