பேசாத சம்பந்தி

“கோயில் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாதே. அரங்கத்தைக் காட்டு, குளியல் கூடத்தைக் காட்டு. அதோட திரும்பிடு” என்றார் ஹெதி.

“நல்லா இருக்கேப்பா! துனிஸ்ல இருந்து வர்றவங்களுக்கு, இருக்கிறதிலேயே அழகான இடத்தைக் காட்டாம அனுப்பவா? கோயில்ல அப்படி என்ன இருக்கு?” என்று கேட்டான் நிஸார்.

“பாம்பு.”

“தினமும் வெளிநாட்டுக்காரன் வந்து போறான். அவனைக் கடிக்காத பாம்பு உங்க சம்பந்தியையா தேடிப் பிடிச்சுக் கடிக்கப் போகுது?”

ஞாயிற்றுக்கிழமை நிஸாரின் வருங்கால மாமனார் தௌஃபீக், மகள் இனெஸை அழைத்துக்கொண்டு முதல்முறையாக வருகிறார். மதியம் சாப்பாடு. பிறகு அரை நாள், அந்தக் கோயிலும் அரங்கமும் இருக்கிற, ஊரை ஒட்டிய ரோமர் காலத்து இடிபாடுகள். அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதே அவர்தான். இளமையில் அரசாங்க வேலையாக இந்தப் பக்கம் இருந்தவராம்.

“சரி, எங்கே வேணா போங்க. நான் வரல. கால் வலி” என்றார் ஹெதி.

“நேத்து ஆலிவ் மரத்துல ஏறினப்ப அந்தக் கால் எங்கே போச்சு?”

“விடுடா, நான் வர்றேன்” என்று நடுவில் புகுந்தாள் அம்மா ஜலீலா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜலீலாவின் ஆட்டுக்கறி குஸ்குஸ் வீடெல்லாம் மணத்தது. தௌஃபீக் பெரிய இடத்து மனிதர் என்ற பந்தா இல்லாமல் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

“இந்த வருஷம் ஆலிவ் எப்படிங்க, சம்பந்தி?”

ஹெதி நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

“போன வருஷத்துக்கு இது பரவாயில்லைங்க” என்றாள் ஜலீலா.

“கல்யாணத்தை அறுவடை முடிஞ்சதும் வச்சுக்கலாமா? நீங்க என்ன சொல்றீங்க?”

ஹெதி தலையை மட்டும் ஆட்டினார்.

“அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க” என்றாள் ஜலீலா அவசரமாக.

நிஸாருக்கு உடம்பு கூசியது. காலையில்தான் வேலிக்குள் புகுந்த ஆட்டை, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி விரட்டிய தொண்டை அது. இனெஸ் அவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான். மகளைப் பெற்றவர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், மகனைப் பெற்றவர் மண்ணாந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். தங்களை மதிக்கவில்லை என்றுதானே நினைப்பார்கள்?

தேநீர் எடுக்க ஹெதி அடுப்படிக்குப் போனபோது நிஸாரும் பின்னாலேயே போனான்.

“என்னப்பா இது? மானம் போகுது. அந்தப் பொண்ணை உங்களுக்குப் பிடிக்கலையா?”

ஹெதி வாயைத் திறந்தார். வெளியே தௌஃபீக்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மூடிக்கொண்டார்.

“இப்படி ஒரு அப்பாவைக் காட்டறதுக்கு, அப்பா இல்லைன்னே சொல்லியிருக்கலாம்” என்றான் நிஸார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. ஹெதி அவன் தோளை லேசாகத் தட்டிவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

இடிபாடுகளில் நிஸார் போட்டு வைத்த திட்டம் எதுவும் நடக்கவில்லை. அரங்கத்தைத் தௌஃபீக் நின்றுகூடப் பார்க்கவில்லை. வழி தெரிந்தவர் போல நேரே கோயிலுக்கு நடந்து, தூண்களின் கீழே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இதைப் பார்க்கத்தான் வந்தேன், மாப்பிள்ளை. அப்போ இந்தப் படியை ஒட்டி வரிசையா வீடுங்க இருந்துச்சு. இடிபாட்டுக்குள்ள ஜனங்க குடியிருக்கக் கூடாதுன்னு உத்தரவு. காலி பண்ண வச்சது நான்தான்.”

இனெஸ் நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க சொன்னதே இல்லையேப்பா!”

“சொல்ற மாதிரி காரியமா அது? ஒருத்தன் மட்டும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சினான். உள்ளே பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் விடுங்கய்யான்னு. வீட்டை விடாம இருக்க நாடகமாடுறான்னு நெனச்சேன். சாமானோட சாமானா அவளையும் லாரியில ஏத்தச் சொன்னேன். போற வழியிலேயே பொறந்துடுச்சுன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.”

ஜலீலா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தூணைப் பார்த்தபடி நின்றாள்.

“அவன் முகம் மறந்துடுச்சு. குரல் மட்டும் போகல. இன்னைக்கும் எங்கே கேட்டாலும் தெரிஞ்சுடும். கேட்டுட்டா, மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வச்சுக்குவேன்னு பயமா இருக்கு.”

வெயில் தாழ்ந்ததும் இறங்கினார்கள். இனெஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். நிஸார் அம்மாவோடு பின்தங்கினான்.

“பார்த்தியாம்மா? அவ்வளவு பெரிய மனுஷன், பண்ணின தப்பை வெட்கப்படாம சொல்றார். நம்ம வீட்டுல ஒருத்தர், வந்தவங்ககிட்ட வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல.”

ஜலீலா நின்றாள். முன்னால் போகிறவர்களுக்குக் கேட்காத தூரம்தானா என்று பார்த்துக்கொண்டாள்.

“போன மாசம் நீ இனெஸ் குடும்பத்து போட்டோவைக் காட்டினதுமே உங்க அப்பா அவரை அடையாளம் கண்டுக்கிட்டார்டா. உன் கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதான் குரலைக் காட்டல” என்றாள் மெதுவாக. “அந்த லாரியில பொறந்தது நீ.”