சாம்பல் நிற எழுத்து

"விமானம் மாறப் பதினாலு மணி நேரம் காத்திருக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டா எவன்யா டிக்கெட் வாங்குவான்? சாம்பல் நிறத்துல பொடி எழுத்தாப் போடு. டிக்கெட் விவரம் காட்டுற அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி எந்த இணையதளத்துல வேணா ஒட்டுற மாதிரி செய்" என்றார் மேலாளர்.

செய்தேன். விமான டிக்கெட் விற்கும் எங்கள் இணையதளம் முழுக்க அந்தப் பெட்டிதான்.

ஆனால் மேலாளர் தன்னுடைய பயணத்துக்கு மட்டும் போட்டி நிறுவனத்தில் டிக்கெட் வாங்கினார். "நம்ம லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்று கண்ணடித்தார்.

மறுவாரம், பாதி வழியில் ஒரு விமான நிலையத்திலிருந்து போனில் கத்தினார்.

"அடுத்த விமானத்துக்குப் பதினாலு மணி நேரமாம்யா! அதை எறும்பு சைஸ்ல போட்டிருக்கான். எந்த அயோக்கியன் செஞ்ச வேலை இது?"

"நான்தான் சார். போன மாசம் நம்ம பெட்டியை நாலு கம்பெனிக்கு வித்தீங்களே, அதுல நீங்க டிக்கெட் வாங்கின கம்பெனியும் உண்டு."