வளைந்த ராடு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் வயிறு திறந்து கிடக்கிறது. தம்பி டார்ச் பிடிக்க, அக்கா உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். அவள் வெளியூர் போயிருந்தபோது ஷெட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டதாம். தண்ணீர் கலந்த ஆயில், பால் காபி நிறத்தில் தகரத் தட்டில் சொட்டுகிறது. "நான் தொடவே இல்லக்கா. நின்ன இடத்துலயே முங்கிடுச்சு. சாவிகூட ஆணியிலதான் தொங்குது," என்கிறான், அவள் கேட்காமலே. பாவம், விடிய விடிய வாளியால் இறைத்தானாம். ஒரு பிஸ்டன் மட்டும் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. தட்டித் தட்டி வெளியே எடுக்கிறாள். அதோடு சேர்ந்த கனெக்டிங் ராடு கோணிப்போய் வருகிறது. நிற்கிற எஞ்சினில் தண்ணீர் புகுந்தால் துருப் பிடிக்கும், அவ்வளவுதான். ஓடுகிற எஞ்சின் தண்ணீரைக் குடித்தால்தான் இரும்பு இப்படி வளையும். அதைத் துணியால் துடைக்கிறாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைக்கிறாள். டார்ச் வெளிச்சம் மெல்ல நழுவித் தரைக்குப் போகிறது. "சாவியக் குடுடா," என்று நிமிராமலே கை நீட்டுகிறாள். ஆணி அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் கை, பழக்க தோஷத்தில், தன் சட்டைப் பைக்குள் போகிறது.