குண்டு, ஓடு!

"குண்டு! ம்... விடாதே! குண்டு!"

பொழுது விடிந்ததும் விடியாததுமாக அந்தக் குரல் கிளம்பிவிட்டது. தொடர்ந்து ஒரு விசில். அப்புறம், "ஓடு! ஓடுடி!"

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரம்மா டீயை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

கீழே, பின்கேட்டுக்கு அப்பால் கார்கள் நிற்கும் இடத்தில், நாலாவது மாடி மருமகள் கைப்பிடி வைத்த ஒரு கனத்த இரும்பை இரண்டு கைகளாலும் பிடித்து, கால்களுக்கு நடுவிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு வீசிக்கொண்டிருந்தாள். விசில் கேட்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு மதில் சுவர் வரை ஓடினாள். திரும்பி வந்தாள், மூச்சு அடங்குவதற்குள் மறுபடி வீசினாள்.

பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். விசிலும் குரலும் இன்னும் பெறவில்லை.

மருமகள் நல்ல பருமன். அவளைப் போய் தினமும் "குண்டு, ஓடு" என்று விரட்டினால்? கேட்கிறவர்களுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிடலாம் வாங்க" என்று சங்கத்துப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கையில் பின்கேட்டுப் பூட்டோடு செயலாளரம்மா இறங்கினார்.

"நிறுத்துங்கம்மா! இதே நீங்க பெத்த பொண்ணா இருந்தா இப்படிப் பண்ணுவீங்களா?"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குண்டு!" என்றார்.

"பார்த்தீங்களா, நம்ம முன்னாடியே! இனிமே இந்தக் கூத்து இங்க நடக்கக் கூடாது. கேட்டைப் பூட்டப் போறோம்."

மருமகள் பதறிப்போய் இரும்பைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, இடத்தை மட்டும் பிடுங்கிடாதீங்க. சனிக்கிழமை எனக்குத் தேர்வு."

"என்ன தேர்வு?"

"தீயணைப்புப் படையில. ஆள் கனத்துக்கு ஒரு பொம்மையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடணும். போன தடவை பாதியிலேயே கீழ போட்டுட்டேன். வயசு வரம்பு தாண்டப் போகுது, இதான் கடைசி வாய்ப்பு. வீசறது, ஓடறது, மூச்சு வாங்கும்போதே மறுபடி வீசறது. இப்படிப் பழகினாத்தான் தாக்குப்பிடிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. இதை விட்டா எனக்கு வேற இடமில்ல ஆன்ட்டி."

"பழகு, வேணாங்கல. அதுக்காக மனுஷியைக் குண்டுன்னு கூப்பிடறதா?"

மருமகள் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"ஐயோ, என்னை இல்ல! இந்த இரும்புக்குப் பேரு கெட்டில்பெல். அத்தைக்கு அது வாயில நுழையல. ஸ்கூல்ல குண்டு எறிதல் போட்டிக்குப் போனவங்க, அதனால இதுக்கும் குண்டுன்னே பேர் வச்சுட்டாங்க. குண்டுன்னா நான் இதைத் தூக்கணும். ஓடுன்னா ஓடணும். அவ்வளவுதான்."

கூட வந்த ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செயலாளரம்மாவுக்கு முகம் சுண்டிப் போனது. ஆனாலும் இறங்கி வர மனசில்லை.

"என்னவோ... இதனால கொஞ்சம் இளைச்சா நல்லதுதான்."

மாமியார் இப்போதுதான் திரும்பினார்.

"எதுக்கு இளைக்கணும்? நாளைக்கு உங்க வீட்டுல தீப்பிடிச்சா உங்களைத் தூக்கிட்டு வரப்போறவ இவ. ஒல்லியா இருந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?"

கூட வந்தவள் இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை, சத்தமாகவே சிரித்தாள்.

செயலாளரம்மா பூட்டை உயர்த்திக் காட்டினார்.

"சரி, சனிக்கிழமை வரைக்கும் இடம் தர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. அந்த வார்த்தை மட்டும் இங்க கேட்கக் கூடாது. அதைக் கேட்டா ஒரு பொண்ணு மனசு என்ன பாடுபடும்? கெட்டில்பெல்னே சொல்லிப் பழகுங்க. வரலைன்னா வேற ஏதாவது சொல்லுங்க."

"மாட்டேன்."

"அத்தை, வேணாம்..." மருமகள் கெஞ்சினாள். "ஒரு வார்த்தைதானே. விட்டுடுங்க. இடம் போச்சுன்னா எல்லாமே போச்சு."

மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"கெட்டில்பெல்" என்றார். சுத்தமாக, கண்ணாடி மாதிரி.

மருமகள் வாயைப் பிளந்தாள். "அத்தை! உங்களுக்குச் சொல்ல வருமா?"

"ஏன் வராது? எத்தனை ஸ்டாப்பு பேரைக் கத்தின வாய் இது!"

"அப்புறம் எதுக்குங்க இந்த வீம்பு?" என்றார் செயலாளரம்மா.

"போன வருஷம் லிஃப்ட்ல, 'குண்டு ஏறிட்டா, நாம அடுத்ததுல போகலாம்'னு சொல்லிச் சிரிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு இறங்கினவதான் இவ, அப்புறம் லிஃப்ட் பக்கமே போகல. அந்த வார்த்தை எங்க காதுல விழுந்தாலும் தலையைக் குனிஞ்சா" என்று சொல்லிவிட்டு, மாமியார் மருமகளைப் பார்த்து விசிலைக் கையில் எடுத்தார். "இப்ப சொல்றேன், நீங்களே பாருங்க, அதைக் கேட்டா என் மருமக என்ன பண்றான்னு... குண்டு!"